செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி சீரமைப்பு: மனுவில் என்னென்ன கேட்கலாம்?

செவ்வாய்ப்பேட்டைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக வாடகைக் கடையில் பாத்திர வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். நடைபாதை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் என்று வழக்கமாகக் கேட்பதெல்லாம் அதில் இருக்கும். எனக்கு அதற்கு மேலே ஒரு கவலை இருக்கிறது. அதை இங்கே வைக்கிறேன்.

முதலில் நிலவரம். ஒரு காலத்தில் கல்யாணச் சாமான் வாங்க வேண்டுமென்றால் ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜனங்கள் நேராக இங்கேதான் வருவார்கள். வெள்ளிக் கொலுசு, பாத்திரம், வெல்லம், பருப்பு, எண்ணெய் எல்லாம் ஒரே சுற்றில் முடிந்துவிடும். மெய்யனூரில் புது பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு சில்லறை வியாபாரம் மெல்ல மேற்கே நகர்ந்தது. ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி, ஓமலூர் ரோடு என்று பெரிய கடைகள் அங்கே போயின. 2020ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் போவது இன்னும் சுலபமாகிவிட்டது. இங்கே மொத்த வியாபாரம் நிற்கிறது, சில்லறை தேய்ந்துவிட்டது.

நம்பிக்கை தருகிற விஷயமும் ஒன்று உண்டு. 2016ல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அந்தத் திட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023ல் திறந்தார்கள். டவுன் பஸ்ஸில் வருகிற ஜனம் மறுபடி அங்கே இறங்குகிறது. அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை நடக்கிற தூரம்தான். கால் வைக்க இடமிருந்தால் நடந்து வருவார்கள்.

என் கவலை இதுதான். தெரு நன்றாக ஆனால் அதன் பலன் முதலில் போய்ச் சேர்வது கட்டிட உரிமையாளரிடம். வாடகை ஏறும், அட்வான்ஸ் ஏறும். இத்தனை வருஷம் மழையிலும் சேற்றிலும் கடை திறந்து தெருவை உயிரோடு வைத்திருந்தவர் கடையைக் காலி செய்வார். ஆகவே உரிமையாளருக்கு வரிச் சலுகை, முகப்பைப் புதுப்பிக்க மானியம் என்று எதைக் கேட்டாலும், இருக்கிற வாடகைக் கடைக்காரரை இத்தனை வருஷம் வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சலுகையும் நிபந்தனையும் ஒரே தாளில் இருக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெல்லமண்டி

அண்ணா, மனு கொடுங்கள், கையெழுத்துப் போட நான் தயார். ஆனால் நடைபாதை என்று ஆரம்பித்தால் அடுத்த பேச்சு லாரியை வெளியே நிறுத்து என்பதாகத்தான் வரும். அது மண்டிக்கு ஆகாது.

ஓமலூர், காடையாம்பட்டி பக்கம் கரும்பு ஆலைகளில் காய்ச்சுகிற வெல்லம் 30 கிலோ சிப்பமாக மூலப்பிள்ளையார் கோயில் பக்கத்து ஏலத்துக்கு வருகிறது. பொங்கலுக்கு முன்னால் மார்கழி கடைசியில் தெருவில் நிற்க இடமிருக்காது. வெல்லம் ஈரம் தாங்காது. தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டாலும் அடிச்சிப்பம் கசிய ஆரம்பித்துவிடும். லாரியைத் தூரத்தில் நிறுத்திக் கை வண்டியில் கொண்டுவா என்றால் அந்த இடைவெளியிலேயே சரக்கின் நிறம் போய்விடும். நிறம் போனால் சிப்பத்துக்கு விலையும் போகும், அது விவசாயியின் தலையில் விழும்.

நேரம் பிரித்துக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறோம். விடியற்காலை சரக்கு, பகலில் ஜனம், ராத்திரி மறுபடி சரக்கு. ஆனால் பொங்கல் நாட்களுக்குத் தனி விதி வேண்டும். அதை மனுவிலேயே எழுதுங்கள், அப்புறம் சேர்க்கலாம் என்று விடாதீர்கள்.

நகரமைப்பு மாணவி

மண்டி அண்ணா சொல்வது சரி. டெல்லி சாந்தினி சௌக்கில் அதைத்தான் செய்தார்கள். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரைக்கும் சுமார் 1.3 கிலோமீட்டர். 2021 செப்டம்பரில் புதுத் தெருவைத் திறந்தார்கள். காலை 9 மணி முதல் ராத்திரி 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை, சரக்கு அந்த நேரத்துக்கு வெளியே. அதுவும் நம் செவ்வாய்ப்பேட்டை மாதிரி மொத்த வியாபாரமும் சில்லறையும் கலந்த இடம். சென்னையில் எல்லாரும் உதாரணம் காட்டுகிற பாண்டி பஜார், 2019 நவம்பரில் திறந்தது, நமக்கு அவ்வளவு பொருந்தாது. அது முழுக்கச் சில்லறை வீதி, தெருவும் அகலம்.

அளவுகள் தெரிந்திருந்தால் பேச்சு வார்த்தையில் உதவும். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கிற அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் 103ஆம் வழிகாட்டுதல் நடப்பவர்களுக்காகவே எழுதப்பட்டது. தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒன்றே முக்கால் அடி உயரத்துக்கு நடைபாதை கட்டிவிட்டு யாரும் அதில் ஏறவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. முட்டி வலிக்கிற அம்மா எப்படி ஏறுவார்?

செவ்வாய்ப்பேட்டையின் உள் தெருக்களில் இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் விட்டால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அங்கெல்லாம் நடைபாதையே வேண்டாம். வீதி முழுவதையும் ஒரே மட்டமாகக் கல் பாவி, வண்டி மெதுவாகப் போகட்டும், ஆள் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று விடலாம். நடைபாதை மெயின் ரோட்டுக்கு மட்டும். எல்லாத் தெருவுக்கும் ஒரே வரைபடத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுமைக்காரர் மகன்

என் அப்பா லீ பஜாரில் மூட்டை தூக்கினார். இப்போது என் சித்தப்பா தூக்குகிறார். கூலி மூட்டைக் கணக்கு. லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் எத்தனை அடி என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லாரி கடை வாசலில் நின்றால் ஒரு கூலி, தெரு முனையில் நின்றால் அதே கூலிக்கு மூன்று மடங்கு நடை. ஆக, வண்டி நிறுத்துகிற இடத்தை மாற்றினால் கூலியையும் பேசி மாற்ற வேண்டும். வியாபாரிகள் சங்கம் அதை எழுத்தில் ஒத்துக்கொண்டால்தான் சித்தப்பா போன்றவர்களும் மனுவுக்குத் துணை நிற்பார்கள்.

இன்னொன்று. கை வண்டிக்குச் சரிவு வேண்டும். நடைபாதை விளிம்பில் சக்கரம் முட்டினால் முன்னால் இழுப்பவரின் தோள்பட்டையில் அத்தனை பாரமும் ஒரே நொடியில் வந்து இறங்கும். ஒவ்வொரு குடோன் வாசலிலும் ஒரு சரிவு. விடியற்காலை சரக்கு என்று சொல்வீர்களானால் அந்த நேரத்துக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும். நாலு மணிக்கு வேலைக்கு வருகிற மனிதர்களுக்கு எட்டு மணிக்குத் திறக்கிற கழிப்பறை எதற்கு?

கட்டிடக்காரன்

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குப் பழைய கட்டிடம் ஒன்று இருக்கிறது, கீழே நாலு கடை. அதில் ஒரு கடை தாத்தா காலத்தில் கொடுத்தது, இன்றைக்கு வருகிற வாடகையில் ஒரு சுவருக்குக்கூட வெள்ளையடிக்க முடியாது. 2022ல் வணிகக் கட்டிடங்களுக்குச் சொத்து வரி நூறு சதவீதம் ஏறியது. அதன்பிறகு வருஷா வருஷம் ஆறு சதவீதம் ஏறுகிற ஏற்பாடும் வந்துவிட்டது. மேல் மாடி ஓடு இறங்கிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பயந்துகொண்டே இருக்கிறேன்.

இடித்துக் கட்டலாம் என்றால் அதற்கும் வழி குறுகல். 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் எஃப்.எஸ்.ஐ., அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, 2 வரை உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், ஆனால் அது ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. குறுகலான தெருவில் இருப்பவனுக்கு அது கிடைக்காது. ஓமலூர் ரோட்டில் இடம் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கிற வாய்ப்பு எனக்கு இல்லை.

வாடகைதாரரை வைத்துக்கொள் என்று நிபந்தனை போடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகை பழைய தொகையிலேயே நிற்க வேண்டும் என்று எழுதினால் ஒரு உரிமையாளரும் கையெழுத்துப் போடமாட்டார். வருஷத்துக்கு இவ்வளவு என்று நியாயமான ஏற்றத்தோடு எழுதுங்கள். ஓடு மாற்றவும் ஒயரிங் மாற்றவும் உண்மையான உதவி இருந்தால், ஏழு எட்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க நான் தயார். மனதார சொல்கிறேன், என் கட்டிடத்தில் செல்போன் கவர் விற்கிற கடையைவிடப் பாத்திரக்கடை இருப்பதுதான் எனக்கும் சந்தோஷம்.

செவ்வாய்ப்பேட்டைவாசி

கட்டிடக்காரன் சார், ரொம்ப நன்றி. உரிமையாளர் ஒருவர் இப்படி வெளிப்படையாகப் பேசுவது எங்களுக்குப் பெரிய பலம். வாடகை அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு தரப்பும் தாங்குகிற ஏற்றத்தை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆடிட்டர் சார் இந்த இழையைப் பார்த்தால் வரி விஷயத்தை விளக்க வேண்டும்.

கணக்கர் சேலம்

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று விஷயம்.

சொத்து வரியைக் குறைக்க மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முடியாது, அரசாணை வேண்டும். இப்போது சட்டப்படி இருக்கிற ஒரே எளிய சலுகை, அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதைத் தவறவிடாதீர்கள். புதிய சலுகையைக் கேட்கும்போது 'வரியைக் குறையுங்கள்' என்று கேட்காமல், 'வரியை முழுதாகக் கட்டுகிறோம், நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு அதில் ஒரு பங்கை ஊக்கத்தொகையாகத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். கணக்கில் வருமானம் குறையாது, நிபந்தனையை மீறினால் அடுத்த வருஷம் நிறுத்திவிடலாம். அதிகாரிகளுக்கு இதை ஏற்பது சுலபம்.

இரண்டாவது, இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடப்படவில்லை என்பதையே காலி செய்யச் சொல்வதற்கான காரணமாக உரிமையாளர் காட்ட முடியும். செவ்வாய்ப்பேட்டையில் வாய்ப்பேச்சில் ஓடுகிற கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 'எங்க தாத்தா காலத்திலிருந்து இங்கதான் இருக்கோம்' என்பது பாதுகாப்பு இல்லை. தெருவில் முதல் கல்லைப் பாவுவதற்கு முன்னால் அத்தனை கடைக்கும் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். மனுவைவிட அவசரமான வேலை இது.

மூன்றாவது, புதுக் கடை தொடங்குகிற இளைஞர்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கடன் திட்டங்கள் இருக்கின்றன. வேலையில்லாத இளைஞர்களுக்கான திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். காலியாகக் கிடக்கிற கடைகளை நிரப்ப அதைப் பயன்படுத்தலாம். விவரம் வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள்.

டொராண்டோ சேலத்தான்

நான் பிறந்தது அரிசிபாளையம், இப்போது இருப்பது கனடாவில். நீங்கள் பேசுகிற கதை இங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

டொராண்டோவில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று ஒரு கடைவீதி. சுரங்க ரயில் வந்ததும் டிராமில் வந்து இறங்குகிற கூட்டம் நின்றுபோனது, புதிய மால்கள் மீதியை இழுத்துக்கொண்டன. நமக்குப் புது பஸ் ஸ்டாண்டும் ஐந்து ரோடும் செய்ததுதான். அங்கே வியாபாரிகள் ஒன்று சேர்ந்து 1970ல் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த வட்டாரத்து வணிகக் கட்டிடங்களுக்குச் சொத்து வரியோடு ஒரு சிறு கூடுதல் வரி. நகராட்சி அதை வசூலிக்கும், ஆனால் முழுப் பணத்தையும் அந்த வட்டார வியாபாரிகள் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடும். விளக்கு, செடி, பெஞ்சு, திருவிழா எல்லாம் அந்தப் பணத்தில். இன்றைக்கு உலகம் முழுவதும் இந்த முறை பரவியிருக்கிறது. யாரோ நாலு பேர் சந்தா கட்ட, மீதிப் பேர் பலனை மட்டும் அனுபவிப்பது என்ற தொல்லை இதில் இல்லை.

ஆனால் இழையைத் தொடங்கியவரின் கவலையும் இங்கே உண்மையாகியிருக்கிறது. ஒண்டாரியோவில் கடை வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. அழகான கடைவீதிகளில் பழைய பேக்கரியும் செருப்புத் தைக்கிற கடையும் வாடகை தாங்காமல் மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு விடையாக சான் பிரான்சிஸ்கோ ஒன்று செய்தது, கட்டாயம் படித்துப் பாருங்கள். 2015 நவம்பரில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது. 30 வருஷத்துக்கு மேல் ஓடுகிற, அந்த வட்டாரத்தின் அடையாளமாக இருக்கிற கடைகளைப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். அந்தக் கடைக்காரருக்குக் குறைந்தது 10 வருஷக் குத்தகை எழுதிக் கொடுக்கிற உரிமையாளருக்கு, கடையின் சதுர அடிக் கணக்கில் நகரமே மானியம் கொடுக்கும். நீங்கள் கேட்பது நடைமுறையில் இருக்கிற ஒன்று என்று தைரியமாகச் சொல்லலாம்.

குகை அக்கா

நான் பக்கத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிறேன். சாயந்திரம் தட்டுவடை செட் கடை போடுகிறேன். இத்தனை பேர் பேசினீர்கள், தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைவீதிக்குச் சாயந்திரம் ஜனம் வருகிறது என்றால் பாதிப்பேர் எங்களிடம் சாப்பிடத்தான் நிற்கிறார்கள். ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் வைத்துக் கொடுத்தால், ஒரு குடும்பம் கால்மணி நேரம் அங்கேயே நிற்கும். அப்படி நிற்கும்போதுதான் எதிர்க்கடை பொம்மை குழந்தை கண்ணில் படும், கொலுசுக்கடை போர்டு அம்மா கண்ணில் படும். தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று எங்களைத் துடைத்துவிட்டால் அந்தச் சாயந்திரம் திரும்பி வராது.

2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. வரைபடம் போடும்போதே எந்த இடம் தள்ளுவண்டிக்கு என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கை கழுவத் தண்ணீர்க் குழாய், குப்பைக்கு ஒரு இடம், அந்த வரைபடத்திலேயே வரட்டும். அதோடு பெண்களுக்குக் கழிப்பறை. கடைகளில் நிற்கிற பெண்பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா? மெயின் ரோட்டில் ஒன்று போதாது, லீ பஜார் பக்கம் ஒன்று வேண்டும்.

இன்னொரு விஷயம், தம்பி. ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை ஊர்வலம் வரும்போது அலங்கார வண்டிகள் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று யோசியுங்கள். நடைபாதை ஓரம் கம்பமோ இரும்புத் தூணோ நட்டால் கழற்றி வைக்கிற மாதிரி இருக்கட்டும். மேலே தொங்குகிற கேபிள் அத்தனையும் மண்ணுக்குள் போகட்டும். சாமி வேஷம் போட்டு வண்டி மேல் நிற்பவர்களின் தலைக்கு மேல் ஒயரைக் கம்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது.

நகரமைப்பு மாணவி

அக்கா, வண்டி வேடிக்கை அளவை யாருமே இதுவரை சொல்லவில்லை. எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. குறித்துக்கொண்டேன்.

பழைய ஓவர்சியர்

ரோடு போடுகிற வேலையிலேயே காலம் கழித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். எதை முதலில் செய்வது என்பதில்தான் பாதி வெற்றி.

செவ்வாய்ப்பேட்டையின் பழைய கடைகளில் வாசற்படியைப் பாருங்கள். கருங்கல்லில் செதுக்கிய மூன்று படிகளில் இன்றைக்கு ஒன்றுதான் வெளியே தெரியும். சில கடைகளில் அதுவும் இல்லை. மற்ற இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தார் ரோட்டுக்குள் போய்விட்டன. அதனால்தான் கால்மணி நேர மழைக்கே தண்ணீர் கடைக்குள் வருகிறது, மணல் மூட்டையை வாசலில் அடுக்குகிறீர்கள். 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக்கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். மனுவில் அதைக் குறிப்பிட்டு, 'வேலை முடியும்போது இரண்டு படி வெளியே தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள். படியைக் கண்ணால் பார்த்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். கழிவுநீர்க் குழாய், அதன்பின் மழைநீர் வடிகால், பிறகு குடிநீர்க் குழாய், கேபிளுக்கான குழாய், கடைசியில்தான் கல். பெங்களூரில் டெண்டர் ஷ்யூர் என்ற பெயரில் ரோடுகள் போட்டபோது இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள், குழாய் கேபிள் எல்லாம் முதலில் நடைபாதைக்கு அடியில் போய்விட்டன. மேலே கல் பாவி ஆறு மாதம் கழித்து யாரோ வந்து தோண்டினால் அத்தனையும் வீண். வடிகால் எங்கே போய் முடிகிறது என்பதையும் கேளுங்கள். சேர்வராயன் மலையில் கனமழை கொட்டினால் திருமணிமுத்தாறு நிரம்பி வரும். அந்த நேரத்தில் ஆற்று மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்தால் தண்ணீர் தெருவுக்குத்தான் எதிர்த்து வரும். வடிகால் வாயில் ஒருவழிக் கதவு வேண்டும்.

தெரு முழுவதையும் ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள். நூறு நூறு மீட்டராக முடித்து, திறந்துவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். வேறொரு ஊரில் மொத்தக் கடைவீதியையும் தோண்டிப் போட்டுவிட்டு, வேலை எடுத்தவர் பாதியில் நின்றுவிட்டதால், ஒரு தீபாவளி முழுக்கப் பலகை மேல் நடந்து வியாபாரம் செய்தார்கள். அடுத்த வருஷம் திரும்பிப் போனபோது அதில் பல கடைகள் இல்லை. காலம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்ததும் தொடங்கி ஆடிக்கு முன்னால் முடிக்கலாம்.

வெள்ளிப்பட்டறை

ஓவர்சியர் ஐயா, சித்திரையில் அட்சய திருதியை, வைகாசியில் முகூர்த்தம். கொலுசுக் கடைகளுக்கு அதுதான் அறுவடை. வெள்ளிக்கடை வரிசையை மாசி பங்குனியிலேயே முடித்துவிட்டு, அதன்பிறகு வெல்ல மண்டிப் பக்கம் போனால் இரண்டு பேருக்கும் நல்லது. பொங்கல் முடிந்தால் மண்டியில் நெரிசல் குறைந்துவிடும்.

பட்டறை விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். கடைவீதி என்றால் எல்லாரும் கீழ்த்தளத்தை மட்டும் பார்க்கிறார்கள். மேல் மாடிகளிலும் பின்கட்டுகளிலும் நாங்கள் இருக்கிறோம். கம்பி இழுப்பது, பற்ற வைப்பது, மெருகு போடுவது எல்லாம் பத்துக்குப் பத்து அறைகளில் நடக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளி விலை ஏறினாலும் கூலி அப்படி ஏறுவதில்லை. வாடகை ஏறினால் முதலில் போவது கீழே இருக்கும் கடை இல்லை, மேலே இருக்கும் நாங்கள்தான். பட்டறை பனங்காட்டுக்கோ சிவதாபுரத்துக்கோ போய்விட்டால், கொலுசில் ஒரு சலங்கை விட்டுப்போனால்கூட பற்ற வைக்க ஆளைத் தேடி அலைய வேண்டும். வாடிக்கையாளர் இங்கே வருவதே கண்முன்னால் சரிசெய்து கொடுப்பார்கள் என்பதால்தான்.

ஆகவே அந்த நிபந்தனையில் 'கடை' என்று மட்டும் எழுதாமல் 'கடையும் பட்டறையும்' என்று எழுதுங்கள். கட்டிடத்துக்கு மானியம் என்றால் முகப்புக்கு வண்ணம் பூசுவதற்கு முன்னால் மாடிப்படி, ஒயரிங், காற்றோட்டம், தீயணைப்புக் கருவி. காஸ் சிலிண்டரும் ஆசிட்டும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு மரப்படியை நம்பி வேலை செய்கிறோம். மெருகுத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடாமல் இருக்க, நாலைந்து பட்டறைக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக் கொடுத்தால் பராமரிப்புச் செலவை நாங்களே ஏற்கத் தயார்.

கட்டிடக்காரன்

ஒயரிங்கும் படியும் மானியத்தில் முதலாவதாக வரட்டும், அதை நானும் வரவேற்கிறேன். என் மாடியிலும் மூன்று பட்டறைகள் இருக்கின்றன. தீ பிடித்தால் என் கட்டிடமும் போகும், அவர்கள் உயிரும் போகும்.

செவ்வாய்ப்பேட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. மனுவின் வரைவை இப்படி மாற்றுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

முதல் பக்கத்தில் தெரு. ரோட்டு மட்டத்தைக் குறைத்து இரண்டு படி வெளியே தெரிய வேண்டும். குழாய், வடிகால், கேபிள் முடிந்த பிறகே கல். மெயின் ரோட்டில் நடைபாதை, உள் தெருக்களில் ஒரே மட்டம். குடோன் வாசலில் சரிவு, கழற்றக்கூடிய தூண்கள், தள்ளுவண்டிக்கு வரைபடத்திலேயே இடம், விடியற்காலை நாலு மணிக்கே திறக்கிற இரண்டு கழிப்பறைகள். சரக்கு நேரமும் பொங்கலுக்கான தனி விதியும் தனித் தாளில். நூறு மீட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் தோண்டக்கூடாது, தோண்டிக் கிடக்கிற அரையாண்டுக்கு அந்தப் பகுதிக் கடைகளின் சொத்து வரியில் நிவாரணம்.

இரண்டாம் பக்கத்தில் ஊக்கம். உரிமையாளர் வரியை முழுதாகக் கட்டுவார். இருக்கிற கடைக்கும் பட்டறைக்கும் குறைந்தது எட்டு வருஷத்துக்கு, ஆண்டு ஏற்றத்தைக் குறிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதிப் பதிந்தால் வரியில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாகத் திரும்பும். படி, ஒயரிங், ஓடு மாற்ற ஆகிற செலவில் பாதி மானியம், அதே நிபந்தனையோடு. ஒப்பந்தத்தை மீறினால் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கூலி விஷயத்தைச் சங்கத்தில் பேசிவிட்டேன். நிறுத்தும் இடம் மாறினால் கூலியைத் திருத்துவோம் என்று தனிக் கடிதம் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். டொராண்டோ அண்ணன் சொன்ன கூடுதல் வரியை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. வரி ஏறிய கோபம் இன்னும் தணியாத நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் மற்றதும் கெட்டுவிடும்.

சுமைக்காரர் மகன்

சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட வருகிறார், கூட இன்னும் சிலரையும் அழைத்து வருகிறார்.

டொராண்டோ சேலத்தான்

பரவாயில்லை, அது பிறகு வரட்டும். சான் பிரான்சிஸ்கோ விதிகளைத் தமிழில் சுருக்கி எழுதி அனுப்புகிறேன், மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கர் சேலம்

மனுவை ஆணையரிடம் கொடுப்பதோடு நிற்காதீர்கள். 2022 நவம்பர் 1 முதல் கிராம சபை மாதிரி நகரங்களிலும் ஏரியா சபை என்ற மக்கள் கூட்டம் நடத்துகிறார்கள். உங்கள் வார்டு ஏரியா சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து பதிவேட்டில் ஏற்றுங்கள். தீர்மானத்தில் நிபந்தனை வாசகம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும், 'உரிமையாளர்களுக்குச் சலுகை' என்று சுருக்கிவிடப் பார்ப்பார்கள். ஒப்பந்த மாதிரி ஒன்று தயார் செய்கிறேன். வாய்ப்பேச்சு வாடகையில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம்.

நகரமைப்பு மாணவி

வரைபடத்துக்குத் தெருவின் அகலத்தை அளக்க வேண்டும். நானும் வகுப்புத் தோழர்கள் நாலு பேரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு பால் மார்க்கெட் முனைக்கு வருகிறோம், டேப் எங்களிடம் இருக்கிறது. குகை அக்கா, வண்டி வேடிக்கைக்கு வண்டி கட்டுகிறவர் யாரையாவது அழைத்து வர முடியுமா? உயரத்தை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.

குகை அக்கா

வருகிறேன் கண்ணு. எங்கள் தெருக்காரர் ஒருவர் வருஷா வருஷம் கட்டுகிறார், அவரையே கூட்டி வருகிறேன்.